முப்புரி கண்ட பேராசிரியர்

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் நம் மாணவியர் பலர் நாள்தோறும் ஏறி இறங்குகின்றனர். சானடோரியத்தை அடுத்து வரும் நிலையம் குரோம்பேட்டை. அந்த ஊருக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்று ஒரு நாள் வகுப்பில் கேள்வி எழுந்தது. முன்னாளில் அங்கே இயங்கிய குரோம் லெதர் கம்பெனி என்னும் தோல் தொழிற்சாலையே காரணம் என்று எங்கள் சிஸ்டர் விளக்கினார். குரோமிய உப்பைக் கொண்டு தோலைப் பதப்படுத்தியதால் குரோம் என்ற சொல் ஊரின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. பல்லாவரத்திலும் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் நடந்தது. அங்கு அழுகாமல் காக்கப்பட்ட பொருள் எது என்று சிஸ்டர் மீண்டும் கேட்டபோது தோல் என்றோம். தோலில் என்ன இருக்கிறது என்றார். விழித்தோம்.

தோலில் இருப்பது கொலாஜன் என்னும் புரதம். தோலில் மட்டுமன்று, எலும்பிலும், குருத்தெலும்பிலும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களிலும், இரத்தக் குழாய்களின் சுவர்களிலும் அதுவே இருக்கிறது. நம் உடலில் உள்ள புரதம் அனைத்திலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதுதான். சளி பிடித்தால் சில வீடுகளில் ஆட்டுக்கால் சூப் வைப்பார்கள். அது ஆறியதும் பாகுபோல் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கொதிநீரில் கொலாஜன் புரி அவிழ்ந்து ஜெலட்டினாக மாறியதன் விளைவு அது. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் உள்ள வைட்டமின் சி இல்லாவிட்டால் நம் உடலால் கொலாஜனை உறுதியாகச் செய்ய முடியாது. ஈறுகளில் இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் அதனால்தான் வருகிறது.

இத்தகைய பொருளின் உள்ளமைப்பை உலகுக்கு முதலில் சரிவர எடுத்துக்காட்டிய ஆராய்ச்சி, இதே ரயில் பாதையில் கிண்டியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் சில நிமிடங்களில் அடையக்கூடிய ஓர் இடத்தில் நடந்தது. சர்தார் படேல் சாலையில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் அது. ஆராய்ந்தவர் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன். எங்கள் உயிரியல் பாடத்தில் புரத அமைப்பைப் படித்தபோதுதான் அவர் வரலாறு எங்களுக்குத் தெரிய வந்தது. அதை இங்கு எழுதுகிறோம்.

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை அங்குள்ள மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர், பின்னர் முதல்வர். மகனுக்கும் கணக்கில் கை தேர்ந்தது இயல்பே. பட்டப்படிப்புக்குத் திருச்சி புனித வளனார் கல்லூரிக்கு வந்தார். அங்கே அருட்தந்தை ராஜம் என்ற சேசு சபைக் குருவும், பேராசிரியர் பி.இ. சுப்பிரமணியமும் அவருக்குப் பௌதிகத்தில் ஆர்வத்தை ஊட்டினார்கள். நல்லாசிரியர் இருவர் ஒரே இடத்தில் வாய்ப்பது பெரும் பேறு. 1942இல் பௌதிக ஆனர்ஸ் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்ததோ மின்பொறியியல் துறையில். அப்போது அங்கே பௌதிகத் துறையை நடத்தி வந்தவர் சர் சி.வி. ராமன். இளைஞரின் கூர்மையைக் கண்ட ராமன், இந்தப் பையன் உங்கள் துறைக்கு மிஞ்சியவன் என்ற பொருள்படச் சொல்லி அவரைத் தம் துறைக்கு மாற்றிக்கொண்டார் என்பர். மின்பொறியியல் பேராசிரியர் இதை எப்படி ஏற்றாரோ! ராமனிடம் எக்ஸ் கதிர்களைக் கொண்டு வைரத்தை ஆராய்ந்து 1947இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பின்னர் இரண்டாண்டுகள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி. எக்ஸ் கதிர்ப் படிகவியலைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான லாரன்ஸ் பிராக் தலைமையில் அப்போது காவெண்டிஷ் ஆய்வகம் இயங்கியது. டாக்டர் பட்டத்துடன் 1949இல் பெங்களூர் திரும்பினார்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் பௌதிகத் துறை ஒன்றைப் புதிதாகத் தொடங்கியது. துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் முதலில் ராமனை அழைத்தார். ராமன் தாம் வர இயலாதென்று கூறித் தம் மாணவரைச் சுட்டிக்காட்டினார். இவ்வாறு முப்பது வயது நிரம்பும் வேளையில் ராமச்சந்திரன் துறைத் தலைவராகக் கிண்டிக்கு வந்து சேர்ந்தார்.

என்ன ஆராய்வது? அது இன்னும் முடிவாகவில்லை. அவ்வாண்டு ஜே.டி. பெர்னால் என்ற ஆங்கில விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். உயிர்ப்பொருள்களில் எதன் அமைப்பு இன்னும் விளங்காமல் இருக்கிறது என்று ராமச்சந்திரன் அவரை வினவினார். கொலாஜனுக்குப் பலர் பல வடிவங்களைச் சொல்லிவிட்டனர், ஒன்றும் திருப்தியாக இல்லை என்பது பெர்னாலின் விடை. பல்கலைக்கழக வளாகத்துக்கு அடுத்தே 1948இல் அமைந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். கொலாஜனுக்கு எங்கே போவது என்ற கவலையே இல்லை! அங்கிருந்து கங்காருவின் வால் நாண் கிடைத்தது. அதன் இழைகள் ஒரே சீராக அடுக்கப்பட்டிருப்பதால் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழும்.

இவ்விடத்தில் சற்று நின்று ஒன்றை விளக்க வேண்டும். உயிருள்ளவற்றில் காணும் மிகப் பெரிய மூலக்கூறுகள் பெரும்பாலும் சிறு மணிகளைக் கோத்த மாலை போன்றவை. நம் சோற்றில் உள்ள மாவுப்பொருள் குளுக்கோஸ் என்ற ஒரே வகை மணியால் ஆனது. டி.என்.ஏ.வில் நான்கு வகை மணிகள். புரதத்தில் இருபது வகை. அவற்றை அமினோ அமிலங்கள் என்கிறோம். கொழுப்பு மட்டும் இப்படிக் கோத்த மாலையன்று. ஜெபமாலையில் பத்துச் சிறுமணிகளுக்கு ஒரு முறை தனி மணி வருவதுபோல, கொலாஜன் மாலையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. அதன் மணிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிளைசின். இருபது அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது இதுவே. மூன்றில் ஒன்று என்ற இந்தக் கணக்கு இரசாயன ஆய்வாளர்களுக்கு முன்பே தெரியும். ஏன் அப்படி என்பதுதான் தெரியவில்லை.

எக்ஸ் கதிர்ப் படம் என்றவுடன் மார்புப் படம் போல உறுப்பு தெரியும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அப்படியன்று. இழையின் வழியே சென்ற கதிர்கள் சிதறிப் படத்தில் சில புள்ளிகளையும் வளைவுகளையும் மட்டுமே விட்டுச் செல்லும். அவற்றின் இடைவெளியை அளந்து, இன்ன வடிவமாக இருந்தால்தான் இப்படிச் சிதறும் என்று கணக்கிட்டுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கோலத்தை அழித்த பின் தரையில் எஞ்சிய புள்ளிகளைப் பார்த்துக் கோலத்தைச் சொல்வது போன்ற வேலை.

ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் கண்ட விடை இதுதான்: கொலாஜன் ஒரு மாலையன்று, மூன்று மாலைகள் சேர்ந்தது. மூன்றும் அருகருகே நெருங்கி நிற்கும்போது நடுவில் மிகக் குறுகிய இடமே எஞ்சுகிறது. அந்த நடுவிடத்தை நோக்கி ஒவ்வொரு மாலையிலும் மூன்றுக்கு ஒரு மணி திரும்பியாக வேண்டும். அங்கே நுழையக்கூடிய அளவு சிறியது கிளைசின் ஒன்றே. இரசாயனக் கணக்கின் புதிர் இவ்விதம் அவிழ்ந்தது. இந்த முடிவு 1954 ஆகஸ்டில் இங்கிலாந்தின் நேச்சர் இதழில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு அதைத் திருத்தி மேலும் செம்மையாக வெளியிட்டனர். மூன்று இழைகளும் நேராக நிற்கவில்லை, ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டுள்ளன என்பது திருத்தம்.

நாங்கள் இதைச் செய்து பார்த்தோம். மூன்று ரிப்பன்களை எடுத்து முதலில் சடையாகப் பின்னினோம். அது தவறு என்று சிஸ்டர் அவிழ்க்கச் சொன்னார். சடையில் ஓர் இழை மற்ற இரண்டின் ஊடே மாறி மாறிப் போகும், கொலாஜனில் அப்படி இல்லை. தென்னை நார்க் கயிறு திரிப்பவர் செய்வதே சரியான முறை. அவர் ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, பிறகு புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார். அதனால்தான் கயிறு தானே அவிழ்வதில்லை. கொலாஜனிலும் ஒவ்வோர் இழையும் இடப்பக்கமாகச் சுழல்கிறது, மூன்றும் சேர்ந்த புரியோ வலப்பக்கமாக. அந்தப் புரியின் தடிமன் 15 ஆங்ஸ்ட்ரம், நீளம் 3,000 ஆங்ஸ்ட்ரம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறே ஓர் ஆங்ஸ்ட்ரம். பென்சில் தடிமனுக்கு அதைப் பெரிதாக்கினால் நம்மில் ஒருத்தியின் உயரத்துக்கு நீண்டிருக்கும். தோல் பதனிடும்போது குரோமிய உப்பு செய்வதெல்லாம் இந்தப் புரிகளை ஒன்றோடொன்று கட்டிப்போடுவதுதான். நம் நாட்டில் முன்பு அதே வேலையை ஆவாரம் பட்டை செய்தது.

சென்னையில் மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும் அவருடைய நண்பர் அலெக்சாண்டர் ரிச்சும் 1955இன் இறுதியில் கொலாஜனுக்குத் தங்கள் வடிவத்தை வெளியிட்டனர். முப்புரி என்ற அடிப்படைக் கருத்து அதுவே. ஆனால் சென்னை வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன, அது நடவாத காரியம் என்று குறை கூறினர். மேலும் ராமச்சந்திரன் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றார். அவர்கள் ஒன்றே என்றனர். கூறியவர்கள் உலகப் புகழ் பெற்றவர்கள். கிண்டியிலோ துறை தொடங்கி மூன்றே ஆண்டுகள். முப்புரியை முதலில் சொன்ன பெருமையும் மெல்லக் கைநழுவத் தொடங்கியது. பிற்காலத்தில் எழுதப்பட்ட பல நூல்களில் சென்னையின் பெயர் பின்னுக்குப் போயிற்று.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு அவர்மீது மதிப்பு மிகுந்தது. மறுப்புரை எழுதிச் சண்டையிடுவதோடு அவர் நிற்கவில்லை. அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்றால் அந்த அளவு எது என்ற கேள்வியைக் கையில் எடுத்தார். காலை எட்டு மணி ரயிலில் பெண்கள் பெட்டியில் ஒருவருக்கொருவர் எவ்வளவு நெருங்கி நிற்க முடியும் என்பது நமக்குத் தெரியும். அதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா? அணுக்களுக்கும் உண்டு. அதுவரை அறியப்பட்டிருந்த சிறு மூலக்கூறுகளின் படிகங்களில் எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு நெருங்கியுள்ளன என்பதை அவரும் மாணவர்களும் தேடித் தொகுத்தார்கள். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் என்றால் சாதாரணமாக 2 ஆங்ஸ்ட்ரம், மிஞ்சிப் போனால் 1.9. கார்பனுக்குக் கார்பன் 3.2, மிஞ்சிப் போனால் 3. இப்படி ஒரு பட்டியல் உருவாயிற்று.

அடுத்த கட்டம் அதைவிட அழகானது. புரத மாலையில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே உள்ள பிணைப்பு தட்டையானது, திரும்பாது. ஆனால் ஒவ்வொரு மணியிலும் இரண்டு இடங்களில் சுழற்சி உண்டு. அந்தக் கோணங்களுக்கு ஃபை, சை என்று கிரேக்க எழுத்துகளைப் பெயராக இட்டனர். தோளையும் முழங்கையையும் எப்படியெல்லாம் திருப்பினாலும் சில நிலைகளில் கை நம் உடம்பிலேயே இடித்துக்கொள்ளும். அதுபோல இந்த இரண்டு கோணங்களையும் சில அளவுகளில் வைத்தால் அணுக்கள் மோதும். ராமச்சந்திரனும், வி. சசிசேகரனும், சி. ராமகிருஷ்ணனும் ஒரு கோணத்தைப் படுக்கையிலும் மற்றதை நெடுக்கையிலும் குறித்துக் கட்டம் கட்டமாகக் கணக்கிட்டார்கள். இன்று கணிப்பொறி இமைப்பொழுதில் செய்வதை அவர்கள் மேசைக் கணக்கு இயந்திரத்தில் பொறுமையாகச் செய்தனர். மோதாத இடங்களை மட்டும் கோடிட்டுக் காட்டியபோது ஒரு வரைபடம் கிடைத்தது. தாளின் முக்கால் பங்குக்கு மேல் வெற்றிடம். புரதத்துக்கு அங்கே அனுமதி இல்லை. கடலில் தீவுகள் போல எஞ்சிய சிறு பகுதிகளில்தான் புரதங்களின் வடிவங்கள் எல்லாம் அடங்கின. கொலாஜனின் இழையும் அத்தீவு ஒன்றின்மேல்தான் இருக்கிறது.

1963இல் வெளியான இந்த வரைபடத்துக்கு உலகம் முழுவதும் ராமச்சந்திரன் வரைபடம் என்றே பெயர். குறை கூறப்பட்டதும் ஒரு வகையில் நல்லதாயிற்று என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். குறை கேட்டு உட்கார்ந்து அழுதிருந்தால் வரைபடம் வந்திருக்குமா என்று இன்னொருத்தி கேட்டாள். இன்று எந்த நாட்டில் எவர் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அதன் கோணங்கள் இந்த வரைபடத்தின் தீவுகளுக்குள் விழுகின்றனவா என்று சரிபார்க்கிறார்கள். விழாவிட்டால் எங்கோ பிழை இருக்கக்கூடும் என்று மீண்டும் தேடுகிறார்கள். இன்சுலினாயினும் இரத்தத்தின் ஹீமோகுளோபினாயினும் இதற்கு விலக்கில்லை.

1963லும் 1967லும் புரதம் முதலிய பெருமூலக்கூறுகளைப் பற்றிய சர்வதேசக் கருத்தரங்குகளை ராமச்சந்திரன் சென்னையிலேயே கூட்டினார். பிற நாட்டு அறிஞர் பலர் இவ்வூர் தேடி வந்தனர். 1961இல் பட்நாகர் விருது கிடைத்தது. 1970இல் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். சிலகாலம் சிகாகோவிலும் பணியாற்றினார். பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பிரிவை 1971இல் தொடங்கி வைத்தார். அங்கே அவரிடம் கொலாஜனைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர்களுள் மஞ்சு பன்சல் என்ற பெண்மணியும் ஒருவர். பின்னர் அவர் அதே பிரிவில் பேராசிரியரானார்.

1971இல் இன்னொன்றும் நடந்தது. உடலைப் பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து உள்ளுறுப்பின் முழு உருவத்தை எளிதாகக் கணக்கிடும் வழியை ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து வெளியிட்டார். மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் என்கிறோமே, அந்தக் கணக்குக்கு இம்முறை பெரிதும் பயன்பட்டது. அக்கருவிக்கான நோபல் பரிசு 1979இல் வேறு இருவருக்குப் போயிற்று. ராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு எதற்குமே கிடைக்கவில்லை. 1977இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1999இல் சர்வதேசப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்ட் பரிசு அவரை வந்தடைந்தது.

ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றா, இரண்டா என்ற பழைய வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1968இலேயே அவர் தம் கருத்தைச் சற்று மாற்றிக்கொண்டு, இரண்டாவது பிணைப்பு ஒரு நீர் மூலக்கூறின் வழியாக அமையும் என்றார். 1994இல் அமெரிக்காவில் பார்பரா பிராட்ஸ்கி, ஹெலன் பெர்மன் என்ற பெண் விஞ்ஞானிகளும் உடன் ஆராய்ந்தவர்களும் கொலாஜன் போன்ற சிறு புரிகளைப் படிகமாக்கி அணு அணுவாகப் பார்த்தார்கள். நேரான பிணைப்பு ஒன்றுதான் இருந்தது. அதில் கிரிக்கும் ரிச்சும் சொன்னதே சரி. ஆனால் புரியைச் சுற்றிலும் நீர் மூலக்கூறுகள் வலைபோலப் பிணைத்துக்கொண்டிருந்தன. மூன்று இழைகள், முறுக்கு, நடுவில் கிளைசின் என்ற 1955ஆம் ஆண்டுக் கிண்டி வடிவம் அப்படியே நின்றது. அந்தப் படிகத்தில் ஒவ்வோர் இழையிலும் ஒரே ஒரு கிளைசினுக்குப் பதில் அதைவிடச் சற்றே பெரிய அலனினை வேண்டுமென்றே வைத்திருந்தனர். அந்த இடத்தில் மட்டும் முறுக்குத் தளர்ந்திருந்தது.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்றால், சில குழந்தைகள் பிறவியிலேயே எளிதில் முறியும் எலும்புகளோடு பிறக்கிறார்கள். தூக்கினாலே முறியும் அளவுக்குச் சிலருக்கு நோய் கடுமையாக இருக்கும். அவர்களில் பலருடைய கொலாஜனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மணிகளுள் ஒரே ஒரு கிளைசின் மாறியிருக்கிறது. மூன்றுக்கு ஒன்று என்ற ஒழுங்கில் ஓரிடம் தவறினால் நேர்வது இது. இதைப் படித்த அன்று நாங்கள் ரிப்பன் புரியின் நடுவே ஒரு பெரிய கண்ணாடி மணியைச் செருகி முறுக்கிப் பார்த்தோம். எத்தனை முறை முறுக்கினாலும் அந்த இடத்தில் ரிப்பன்கள் விலகி நின்றன.

பேராசிரியரின் முதுமை எளிதாக இருக்கவில்லை. மனைவி ராஜலட்சுமி 1998இல் காலமானார். அவரும் பக்கவாதத்தாலும் பார்க்கின்சன் நோயாலும் துன்புற்றார். தர்க்கத்தைக் கணித முறையில் எழுதுவதில் கடைசிக் காலத்தில் அவருக்கு மிகுந்த நாட்டம் இருந்தது. கர்நாடக இசையிலும் இந்தியத் தத்துவத்திலும் ஈடுபாடு கொண்டவர். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், தம் எழுபத்தெட்டாவது வயதில், சென்னையிலேயே இறைவனடி சேர்ந்தார். கிண்டி வளாகத்தில் அவர் வளர்த்த படிகவியல், உயிர்ப்பௌதிகத் துறையில் இப்போதும் மாணவ மாணவியர் புரதங்களை ஆராய்கின்றனர். தாம்பரத்திலிருந்து எட்டாவது நிலையத்தில் இறங்க வேண்டும்.